ஆணி அடிக்காத அக்கா

நான் சுவரில் ஆணி அடித்த சத்தம் கேட்டுத்தான் அக்கா முதன்முதலாக எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மகள் பிறந்து துடக்குக் கழிந்த கிழமை. பிள்ளையைக் கிடத்த அறைக்குள் சேலையில் ஏணை கட்டவேண்டும். கணவர் வாடகைக்கு வான் ஓடிவிட்டு எப்போது வருவாரென்று தெரியாததால், நானே சுத்தியலை எடுத்து ஒரு பெரிய கொளுக்கியைச் சுவரில் இறக்கப் பார்த்தேன். இரண்டாவது அடிக்குள் அக்கா வாசலில் நின்றார். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெண் என்பதைத் தவிர அவரைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது.

"ஆற்ற வீடு பிள்ளை இது?"

"இவற்ற மாமா ஆக்களின்ர. பிரான்சில இருக்கினம்."

"கேட்டனீரோ?"

"என்னத்தை அக்கா?"

"ஆணி அடிக்க."

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அக்கா சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி நிலத்தில் வைத்தார். சுவரில் விழுந்த காயத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய் ஒரு கயிறும் இரண்டு சாக்குத் துண்டுகளும் கொண்டுவந்தார். கதிரையில் கடதாசி விரித்து அதன்மேல் ஏறி, கூரை வளையில் முதலில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கயிற்றைப் போட்டு முடிச்சிட்டார். சாக்கு இருந்தால் கயிறு மரத்தை அறுக்காதாம், அடையாளம் விழாதாம். எனக்கு மரத்தைப் பற்றிக் கவலையில்லை. முடிச்சு இறுகுமா, பிள்ளை விழுந்துவிடுமா என்பதுதான் கவலை. கேட்டும்விட்டேன்.

அக்கா கயிற்றில் சேலையைக் கட்டி ஏணையாக்கினார். ஏணைச் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக் கால்களைத் தூக்கித் தொங்கினார். நல்ல பருத்த உடம்பு. வளை ஒருமுறை முனகியது.

"நான் விழேல்லை எண்டா உம்மட பிள்ளை விழாது," என்றார், தொங்கியபடியே.

அன்றிலிருந்துதான் எங்களுக்குள் போக்குவரத்து.

வேலணைத் தீவில் சாட்டிக் கடற்கரைக்குப் போகும் வீதியில் எங்கள் வீடும் அந்த வீடும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுமே வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள். அக்கா இருந்தது கனடாவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீடு. பூட்டிய வீட்டில் கறையான் பிடிக்கும், ஓடு களவு போகும், முற்றத்தில் பற்றை எழும்பும். அதனால் தீவுப்பகுதியில் இப்படி யாரையாவது இருத்திவிடுவார்கள். வாடகை இல்லை, எழுத்தும் இல்லை. "நாங்கள் வாறவரைக்கும் இரும்" என்ற ஒரு சொல்தான். அக்கா அந்தச் சொல்லில் பல வருடம் இருந்தார்.

அவர் எப்படி இருந்தார் என்பதைப் பார்த்தால்தான் நம்பலாம். கலண்டர் யன்னல் கம்பியில் நூலில் தொங்கியது. சாமிப் படங்கள் ஒரு பலகையின்மேல் சுவருக்குச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் முதுகும் சுவரில் படாமல் இடையில் துணி. கட்டிலுக்கு மேல் நுளம்பு வலைக்கு நாலு மூலையிலும் வளையிலிருந்து கயிறு. கொடிக்கயிறு மாமரத்தைச் சுற்றிய இடத்தில்கூடத் தேங்காய்த் தும்பு வைத்துக் கட்டியிருந்தார். குசினிக்குள் அடுப்பு மூட்டுவதில்லை. முகடு கறுத்துவிடுமாம். கொல்லைப்பக்கம் தகரம் சாய்த்து, அதற்குக் கீழ் சமைத்தார். மழைக்கு அந்தத் தகரத்தின் கீழ் குந்தியிருந்து அவர் சோறு வடிப்பதை என் யன்னலால் பார்த்திருக்கிறேன். பின்னால், கொத்துவேலையுடன் கட்டிய குசினி ஒன்று பூட்டாமல் சும்மா கிடந்தது.

கட்டிலைக்கூட அடிக்கடி இடம் மாற்றுவார். "காலின்ர தடம் நிலத்தில விழும்."

ஒருநாள் அவரிடம் சொன்னேன்: "அக்கா, ஒரு ஆணி அடிச்சால் அவையள் என்ன, விமானம் ஏறி வந்து பாக்கப்போகினமோ?"

அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். இடம்பெயர்ந்து ஊரூராகத் திரிந்த காலத்தில் ஒரு வீட்டில் இருந்தாராம். சண்டை ஓய்ந்து வீட்டுக்காரி திரும்பி வந்தபோது, அக்கா கூட்டிக் கழுவி, கோலமும் போட்டு வைத்திருந்தாராம். வீட்டுக்காரி நேரே அறைக்குள் போய், கலண்டரைத் தூக்கி, ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டைக்குள் சின்னி விரலை விட்டுக்கொண்டு, நின்ற சனத்தைப் பார்த்து, "இது ஆர் செய்த வேலை?" என்று கேட்டாளாம்.

"விரலை எடுக்கவேயில்லை பிள்ளை. நான் பெட்டி கட்டி முடியுமட்டும் அதுக்குள்ளேயே வைச்சுக்கொண்டு நிண்டவ."

இதற்குமேல் தன் கதையை அவர் சொன்னதில்லை. நெடுந்தீவில் தம்பி ஒருவர் மாடு வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

அவரிடம் அன்பு காட்டுவது எனக்கு எளிதாக இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் போனால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்பேன். மகள் நடக்கத் தொடங்கியதும் அது இன்னும் கூடியது. ஒருநாள் நான் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை உள்ளறைச் சுவரில் நீல நிறக் கலர்ப் பென்சிலால் ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டாள். அக்கா அவளைப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லது. சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பிறகு பற்பசை, தேசிக்காய், ஈரத்துணி என்று பின்னேரம் முழுக்கத் துடைத்தார். நானும் துடைத்தேன். கோடு போய்விட்டது என்றுதான் நான் சொன்னேன். அக்கா தலையைச் சரித்துப் பார்த்து, "வெயில் படேக்க தெரியுது," என்றார். மறுநாள் அந்த இடத்தை மறைத்து ஒரு தகரப்பெட்டி வந்திருந்தது.

அப்படியானவரின் வீட்டு முன் போட்டிகோவுக்குள்தான் அந்தக் கார் வந்து நின்றது.

கனடா வீட்டுக்கார அம்மாவின் மகனுக்குக் கலியாணம் யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்தது. மாப்பிள்ளை தானே காரோட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போகவேண்டுமென்று ஆசைப்பட்டார். கொழும்பில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதை எடுத்துவந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் கணவரிடம் கொடுத்தார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். நிலத்தோடு படுத்திருக்கும் உருவம். கலியாணம் முடிய விற்றுவிடப் போகிறார். வாங்குவதற்கு ஆளும் பார்த்தாயிற்று. அதனால் தொலைபேசியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அண்ணை, ஒரு கீறல் விழக்கூடாது."

அதே அழைப்பில் அவருடைய தாயும் அக்காவோடு கதைத்தார். "கலியாணம் முடிய வீட்டைப் பற்றியும் ஒரு முடிவெடுப்பம்" என்றாராம்.

அக்கா அதை என்னிடம் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தந்த மாதிரியே திருப்பிக் காட்டினா, இன்னும் கொஞ்சக் காலம் இரும் எண்டு சொல்லுவினம்தானே?"

"ஓம் அக்கா, சொல்லாமல் விடுவினமே," என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

கார் வந்து இறங்கிய அன்றே அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கணவரைக் கூப்பிட்டு முன்பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். "தம்பி, இதில சதுரமாய் ஒரு கீறல் இருக்குது. வரேக்கையே இருந்தது. பாத்துக்கொள்ளும், பிறகு நான் எண்டு சொல்லாதையும்." கணவர் குனிந்தும் பார்க்காமல் ஓம் ஓம் என்றார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். காய்ந்தால் நிறத்தின்மேல் வெள்ளைப் புள்ளி விழும் என்று, சாட்டிப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் எடுத்துவந்து துடைத்தார் அக்கா. துடைத்தபின் பழைய சேலையால் மூடினார்.

அந்தக் காருக்கு முன்னால் இலக்கத்தகடு இல்லை. முந்தி வைத்திருந்தவர் வடிவு கெட்டுவிடும் என்று பூட்டாமலே விட்டு, தகட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார். கணவர் அதை ஓட்டிப் பார்க்கப் பட்டணத்துக்குக் கொண்டுபோன அன்று பண்ணைப் பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். இந்தமுறை விட்டார். அடுத்தமுறை தகடு முன்னால் இல்லாவிட்டால் கார் வீட்டுக்குப் போகாது, ஸ்டேசனுக்குத்தான் போகும் என்றார். கலியாணத்தன்று மாப்பிள்ளை வேட்டி சால்வையோடு ஸ்டேசனில் நிற்பதை நான் அன்றிரவே மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

கணவர் மாப்பிள்ளையிடம் கேட்டார். பதில் உடனே வந்தது: "பூட்டுங்கோ அண்ணை. ஆனால் பம்பரில ஓட்டை மட்டும் போடாதேங்கோ. ஓட்டை விழுந்த பம்பரை வாங்கிறவன் ஏலாதெண்டு சொல்லிடுவான்."

முதலில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வாங்கி ஒட்டினார் கணவர். முன்பக்கம் முழுக்க வளைவு. நடுவில் வலை போட்ட பெரிய வாய். தகடு தட்டையானது. ஒட்டிய இடத்தில் பாதி காற்றில் நின்றது. அக்கா பார்த்துவிட்டு, "வெயிலுக்கு உருகும்," என்றார். உருகியது. மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் தகடு கழன்று தெருவில் விழ, பின்னால் சைக்கிளில் வந்தவர் விலத்திப் பிழைத்தார். கணவர் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தகட்டின் விளிம்பு சைக்கிள்காரரின் கழுத்தில் பட்டிருந்தால்? பின்னால் ஒரு தாய் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்திருந்தால்? அன்றைக்குப் பிறகு சோறு குழைக்கும்போதும் அந்தத் தகடு என் கண்ணுக்குள் பறந்துகொண்டிருந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் காலை கணவர் பொறுமை இழந்து வாகனம் திருத்தும் கராஜ் அண்ணையைக் கூட்டிவந்தார். அவர் ட்ரில் மெசினோடு வந்தார். அக்கா வீட்டுப் போட்டிகோவில் பிளக் இல்லாததால் எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். நான்தான் யன்னலால் வயரை எடுத்துக் கொடுத்தேன். வேறு வழியில்லை என்று நானும் நினைத்தேன். மாப்பிள்ளையிடம் பிறகு கதைத்துச் சமாளிக்கலாம், கலியாணத்தன்று கார் மறிபடுவதைவிட இது மேல் என்று எனக்குள்ளே கணக்குப் போட்டிருந்தேன்.

அக்கா காருக்கும் மெசினுக்கும் இடையில் வந்து நின்றார்.

"ரெண்டு ஓட்டை அக்கா. கண்மூடி முழிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் கராஜ் அண்ணை.

"ஊசி போடுற டொக்டர் மாதிரிக் கதைக்காதையும்."

"காருக்கு நோகாது அக்கா."

"நோகாது. தெரியும்."

"பிளேட்டுக்குப் பின்னாலதானே ஓட்டை. அதை ஆர் பாக்கப்போகினம்?"

"பிளேட்டைக் கழட்டிறவன் பாப்பான்."

கணவர் குரலை உயர்த்தினார். "அக்கா, இது என்ர பொறுப்பு. உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"கார் நிக்கிறது ஆற்ற போட்டிகோவில தம்பி? நான் இருக்கிற வீட்டில. ஓட்டை விழுந்தா, உந்த மனிசி பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவ எண்டுதான் கதை வரும்."

கராஜ் அண்ணை மெசினை ஒருமுறை சும்மா சுழற்றிக் காட்டினார், பகிடிக்கு. அந்தச் சத்தத்துக்கு மகள் வீரிட்டு அழுதாள். அக்கா விறுவிறென்று வேலியடிக்கு வந்து, வேலியோடு ஒட்டியிருந்த எங்கள் அறை யன்னல் வழியாகக் கையை விட்டு, எங்கள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த யன்னலடியில்தான் நின்றேன். அவருடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். கோபமில்லை. பயம்தான் இருந்தது.

"அப்ப நீங்களே பூட்டுங்கோவன்!" என்று கராஜ் அண்ணை வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்தார். விடிந்தால் கலியாணம்.

அக்கா காருக்கு முன்னால் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்தார். பிறகு கணவரைப் பார்த்து, வந்தன்று சொன்னதையே திரும்பவும் சொன்னார்: "இந்தச் சதுரக் கீறலையும் அவனுக்கு இப்பவே சொல்லிப்போடும் தம்பி. பிறகு அதுவும் எங்கட தலையில விழும்."

கணவர் சலிப்போடு எழுந்து போய்க் குனிந்தார். விரலால் தடவினார். பிறகு முழங்காலில் இருந்தார்.

"இது கீறல் இல்லை அக்கா. மூடி."

கார் நின்றுபோனால் கட்டி இழுப்பதற்குக் கொளுக்கி பூட்டும் இடம் அது. செய்தவனே வைத்துவிட்ட ஓட்டை. சின்ன மூடி போட்டு நிறம் பூசியிருந்தான். இத்தனை நாளும் அக்கா பயந்துகொண்டிருந்த கீறல் அதுதான்.

மூடியைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. கணவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க, அக்கா அதைத் தட்டிவிட்டார். என்னுடைய சீப்பைக் கேட்டார். அதன் காம்பில் ஈரத்துணியைச் சுற்றி, ஓரத்தில் வைத்து, மூச்சுவிடாமல் நெம்பினார். அவருடைய நெற்றி வியர்வை பம்பரில் சொட்டப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பால் ஒற்றினேன். மூடி 'டக்' என்று கழன்று அவர் மடியில் விழுந்தது. அதன் நிறம் பெயரவில்லை என்று மூன்று பேரும் மாறிமாறிப் பார்த்தோம். பின்னால் புரிவெட்டிய துளை இருந்தது. டிக்கிக்குள் காரைத் தூக்கும் ஜக்கோடு கிடந்த இரும்புக் கொளுக்கியைக் கணவர் எடுத்துவந்து சுழற்ற, அது பத்திரமாக உள்ளே போய் இறுகியது.

கொளுக்கியின் வளையத்தில் ஓர் இரும்புப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கி, தகட்டில் ஏற்கெனவே இருந்த துளைகளால் அதைப் பட்டையோடு பூட்டினார் கணவர். தகடு ஒருபக்கமாகத்தான் நின்றது. ஆட்டினால் பம்பரில் தட்டியது. அந்த இடத்துக்கு அக்கா வந்தார். பழைய சைக்கிள் டியூபைக் கீறி, தகட்டின் பின்பக்கம் முழுக்க மெத்தை மாதிரி வைத்தார். மற்றப்பக்க முனையை வலைக் கம்பியோடு மீன்பிடி நைலோன் நூலால் கட்டினார், கம்பியிலும் டியூப் சுற்றி. முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சுத்தான். ஏணை முடிச்சு.

"இறுகியிருக்குதோ அக்கா? காத்துக்குக் கழண்டால்?" என்றேன்.

அக்கா தகட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கம் சாய்ந்தார்.

"ஐயோ அக்கா! பம்பர் கையோட வரப்போகுது!" என்று கணவர் கத்தினார். நான் சிரித்துவிட்டேன். அந்த ஒரு நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை கணவரின் வான் முன்னால், கார் பின்னால். ஊரில் சொந்தக்காரர் வீட்டில் வந்து நின்ற மாப்பிள்ளையும் தோழனும் காரில். வானில் பெண்கள். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் திரும்பி இருந்தேன், தகட்டைப் பார்ப்பதற்காகவே. அக்கா என் பக்கத்தில் முன்பக்கம் பார்த்தபடி இருந்தார். மகளின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிக்குதோ?" என்பார்.

"நிக்குது அக்கா."

பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். காற்று வானையே ஒருபக்கம் தள்ளியது. தகடு மெல்ல நடுங்கத் தொடங்கியது. நான் சொல்லவில்லை.

"நிக்குதோ பிள்ளை?"

"நிக்குது."

பட்டணப் பக்கம் இறங்கும் இடத்தில் பொலிஸ்காரர் நின்றார். அதே ஆளா என்று எனக்குத் தெரியாது. வானை விட்டார். காரை மறித்தார். கணவரும் வானை ஓரத்தில் நிறுத்தினார். பொலிஸ்காரர் காருக்கு முன்னால் வந்து குனிந்தார். தகடு நடுவில் இல்லாமல் ஒருபக்கம் இருப்பதைப் பார்த்துத் தலையைச் சரித்தார். சைக்கிள் டியூபைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தகட்டைப் பிடித்து இழுத்தார். விட்டு, இன்னொருமுறை பலமாக இழுத்தார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் காலை இறுக்கியதில் அவள் சிணுங்கினாள்.

பொலிஸ்காரர் நிமிர்ந்து, மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்து, போகச்சொல்லிக் கைகாட்டினார்.

"விட்டிட்டான் அக்கா."

அக்கா அப்போதுதான் காலை விட்டார். பிள்ளையின் கணுக்காலில் விரல் பதிந்து சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "அழிஞ்சிடும், அழிஞ்சிடும்," என்றார்.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் மாப்பிள்ளை, நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிறவர், பெண்ணோடு அக்கா இருந்த வீட்டுக்கு வந்தார். முதலில் காரைப் பார்த்தார். கணவர் தகட்டையும் கொளுக்கியையும் கழற்றி, மூடியைப் பொருத்திக் காட்டினார். தம்பி குனிந்து தேடிப் பார்த்துவிட்டு, "பூட்டினதே தெரியேல்லை!" என்று கணவரின் தோளில் தட்டினார். அக்கா வாசலில் நின்று அதைக் கேட்டார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு தம்பி, சுகமில்லாமல் கனடாவிலேயே நின்றுவிட்ட தாயைத் தொலைபேசியில் படத்தோடு அழைத்து, அறை அறையாகக் காட்டிக்கொண்டு போனார். நாங்கள் பின்னால் போனோம்.

"அம்மா, இது உங்கட அறை. நீங்கள் விட்டிட்டுப் போன மாதிரியே இருக்குது. ஒரு ஆணி இல்லை."

"எனக்குத் தெரியும். அவ தங்கமான மனிசி," என்றது தொலைபேசி.

உள்ளறையில் தகரப்பெட்டியை அவர் காலால் மெல்லத் தள்ளினார். யன்னல் வெயில் சுவரில் நேராக விழுந்தது. நீலக் கோட்டின் சாயல் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும், என் முழங்கையைப் பிடித்தார். தம்பிக்குத் தெரியவில்லை. அப்போது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவர் கண்டிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். இங்கே ஒருவர் இருந்தார், அவரைத் தேடி ஒரு பிள்ளை வந்துபோனது என்பதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் அடையாளம்.

"அக்கா," என்றார் தம்பி திரும்பி, மனதாரச் சிரித்தபடி, "நீங்கள் இஞ்ச இருந்த மாதிரியே தெரியேல்லை!"

அக்காவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடமும் காத்திருந்த சொல் கிடைத்துவிட்டது போல.

"இப்பிடி இருக்கிறபடியால் எங்களுக்கு வேலை சுகம் அம்மா," என்று அவர் தாயோடு தொடர்ந்தார். "ஏசி மட்டும் பூட்டினாக் காணும். சாட்டிக்கு இப்ப நிறைய ஆக்கள் வருகினம், ரூமுகளை வாடகைக்கு விடலாம்." பிறகு அக்காவிடம், "அவசரமில்லை அக்கா, ஏசிக்காரர் வெள்ளிக்கிழமைதான் வருவினம்," என்றார். அவர் கெட்டவரில்லை. அதை அவர் சலுகையாகத்தான் சொன்னார்.

அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அதை எங்கே எடுத்து வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கணவருக்கு இன்னும் கார் விற்கும் வேலை அவரோடு இருந்தது. இருந்தாலும் சொன்னேன்: "தம்பி, பின்பக்கக் குசினியோட ஒரு அறை சும்மாதானே கிடக்குது. அக்கா அதில இருந்தா, வாற ஆக்களுக்குச் சமைச்சும் குடுக்கலாம்..."

தம்பி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுவும் சரிதான். அம்மாவோட கதைச்சுப்..."

"பிள்ளை, நீர் பேசாமல் இரும்," என்றார் அக்கா. பிறகு தம்பியைப் பார்த்து, "நான் நெடுந்தீவுக்குப் போறன் தம்பி. என்ர தம்பி கனநாளாய் வரச்சொல்லிக் கேக்கிறான்."

அன்று பின்னேரம் அவரோடு சண்டை பிடித்தேன். "ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்? அவர் யோசிக்கத் தொடங்கினவர்."

"யோசிச்சுத் தாற இடத்தில எப்பிடிப் பிள்ளை இருக்கிறது? ஒவ்வொரு நாளும் யோசிப்பினம்."

நான் கேட்டிருக்கக் கூடாதா, இன்னும் முன்னமே கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கட்டியவற்றையெல்லாம் அவிழ்த்தார். கலண்டர், வலை, கொடிக்கயிறு, மாமரத்துத் தும்பு. ஓர் இடத்திலும் தழும்பில்லை. எல்லாம் ஒரு பையும் அந்தத் தகரப்பெட்டியும்தான். நெடுந்தீவுப் படகு ஏறும் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அதற்குள் ஏசி பூட்டுபவன் வந்துவிட்டான். இளம் பொடியன். உள்ளறையில் நின்றுகொண்டு கூப்பிட்டான்.

"அக்கா, வீட்டுக்கார ஆக்கள் நீங்கள்தானே? எவடத்தில ஓட்டை போடுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளே போனார். சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடந்தார், மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல.

"இஞ்ச வேண்டாம், இதுக்குள்ளால கரண்ட் வயர் போகுது. அங்கால நிலைக்குக் கிட்ட, வெடிக்கும். இவடத்தில போடும்." விரலால் தொட்டுக் காட்டினார். "இவடம் மெல்லிசு. சுவருக்கு நோகாது."

பொடியன் மெசினை வைத்தான். வீடே அதிர்ந்தது. நான் காதைப் பொத்தினேன். அக்கா பொத்தவில்லை. கொல்லையிலிருந்து தன் அரிசி புடைக்கும் சுளகை எடுத்துவந்து, இரண்டு கையாலும் உயர்த்தி, மெசினுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தூள் பொலபொலவென்று சுளகில் விழுந்தது. அவருடைய தலையிலும் இமையிலும் விழுந்தது. நிலத்தில் ஒரு பொட்டு விழவில்லை.

ஓட்டை எங்கள் வீட்டுப் பக்கம் திறந்ததும் ஒரு முழு வெளிச்சக் கம்பு அறைக்குள் நீண்டது. பொடியன் இறங்கிக் குழாயை எடுக்கத் திரும்பினான்.

"கொஞ்சம் பொறும் தம்பி."

அக்கா சுளகை என் கையில் தந்தார். கதிரையில் கடதாசி விரித்து ஏறினார். ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை," என்றார், திரும்பாமலே. "இதால உங்கட ஏணை தெரியுது."

பிறகு கீழே இறங்கி, கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு, "இனிப் பூட்டும்," என்றார்.